மார்பக ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் அம்மா... குடும்பம் கவனிக்க வேண்டியவை!

டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுநாளே, 'எனக்கு ஒண்ணும் இல்லை' என்று அடுப்படிக்குள் நுழைந்துவிடும் அம்மாக்கள் உண்டு. 'கையை அசைக்கவே கூடாது' என்று படுக்கவைத்துவிடும் குடும்பங்களும் உண்டு. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டுமே தவறு.

டியூபும் ஒரு நோட்டும்

மார்பகத்தை முழுமையாக அகற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் விலாவோரம் ஒரு டியூபுடன்தான் வீடு திரும்புவார்கள். காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் 'டிரெய்ன்' அது. சேரும் நீரை தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதிவைக்க வேண்டும். முதலில் சிவப்பாக வருவது, போகப்போக வெளிறி மஞ்சளாகும். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்கும் கீழே குறைந்தால், பொதுவாக டியூபை எடுத்துவிடுவார்கள். அதுவரை, முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான நைட்டியே வசதி.

சுவரில் ஒரு பென்சில் கோடு

கையை அசைக்காமலே இருந்தால் தோள் இறுகிவிடும். விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தலை வாருவது... இவற்றை டாக்டர் சொன்ன நாளிலிருந்து தொடங்கலாம். அவர் அனுமதித்த பிறகு, சுவரில் விரல்களை மெள்ள மேலே நகர்த்தும் பயிற்சி. எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால், வாரம் தோறும் கோடு ஏறுவதைப் பார்ப்பதே தெம்பு தரும். தண்ணீர்க் குடம், மாவு பாத்திரம், பேரக்குழந்தை... இப்போதைக்கு யாராவது தூக்கித் தரட்டும்!

வளையல் இறுகுகிறதா?

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றியிருந்தால், மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்துக்கூட அந்தக் கை வீங்கலாம். வளையலோ மோதிரமோ இறுகினால் உடனே காட்டிவிடுங்கள்; தொடக்கத்தில் கவனித்தால் கட்டுக்குள் வைப்பது எளிது. அந்தக் கையில் கத்திக் காயம், சூடு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசிக்கும் பி.பி பார்க்கவும் முடிந்தவரை மறு கையை நீட்டலாம்.

100.4 டிகிரி காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவப்பு, சூடு, சீழ், டியூபில் திடீரென அதிக ரத்தம், மூச்சுத்திணறல்... இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

பத்தியம் வேண்டாம்

'புண் ஆறட்டும்' என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிடுவது நம் வீட்டு வழக்கம். புண் ஆறுவதற்குத் தேவையே அந்தப் புரதம்தான். தையல் மேல் மஞ்சள், எண்ணெய் எதையும் பூசக் கூடாது.

கண்ணாடி முன் அந்த நிமிடம்

தழும்பை முதன்முதலாகப் பார்க்கும் நாள் கடினமானது. இல்லாத இடத்தில் அரிப்பதுபோல உணர்வதும், அக்குள் மரத்துப்போவதும் பலருக்கு வரும். அழுதால், 'அழாதே' என்று அடக்காமல் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். புண் ஆறிய பிறகு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகங்களும் கிடைக்கின்றன.

கடைசியாக ஒன்று. அகற்றிய கட்டியின் பரிசோதனை முடிவு வந்த பிறகே, கீமோவா, ரேடியேஷனா, மாத்திரையா என்பது முடிவாகும். 'புண்தான் ஆறிடுச்சே' என்று அந்த அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு காலண்டரில் அந்தத் தேதியை இன்றே வட்டமிட்டு வையுங்கள்!