புதுப்பித்த கணிப்பொறியும் புரியாத எழுத்தும்

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதனை வெளியிட்ட நிறுவனம் அளித்து வந்த பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. இதனையொட்டிப் பள்ளிகளிலும், வட்டார அலுவலகங்களிலும், கள நிலையங்களிலும் உள்ள கணிப்பொறிகளைப் புதிய இயங்குதளத்திற்கு மாற்றும் வேலை எழுந்துள்ளது. மாற்றம் முடிந்த மறுநாள் இரு முறையீடுகள் எழுவது வழக்கம். முன்பு ஒரு நிமிடத்தில் ஆயத்தமான பொறி இப்போது ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்பது ஒன்று. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மாணவர் பதிவேடும் மழைக் குறிப்பும் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பவர், பொறி கெட்டது, பதிவும் அழிந்தது என்று முடிவு கட்டி, வட்டினை முற்றிலும் துடைத்து முதலிலிருந்து தொடங்க முற்படுவதுண்டு. உண்மையான அழிவு நேர்வது அப்பொழுதுதான். பெரும்பாலான இடங்களில் பொறியும் கெடவில்லை, பதிவும் அழியவில்லை. நோயின் அறிகுறியைக் கண்டு மருந்தைத் தெரிந்துகொள்ளும் பொறுமையே வேண்டப்படுவது.

முதற் கடமை

எந்தச் சோதனையும் தொடங்குமுன், கோப்புகள் அனைத்தையும் ஒரு பென் டிரைவிலோ வேறொரு பொறியிலோ படியெடுத்து வைத்தல் வேண்டும். படிக்க இயலாத கோப்பையும் உள்ளவாறே படியெடுக்க வேண்டும். திறந்து திருத்திச் சேமித்தல் கூடாது. பழைய பொறியிலிருந்த எழுத்துருக் கோப்புகளையும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து எடுத்து வைப்பது நன்று.

விண்டோஸ் தன் பழைய பதிப்பை ‘விண்டோஸ் ஓல்ட்’ என்னும் கோப்புறையில் வழக்கமாகப் 10 நாள் வைத்திருந்து, பின்னர் தானே நீக்கிவிடும். முந்தைய நிலைக்குத் திரும்ப விரும்புவோர் அக்காலத்திற்குள் முடிவு செய்தல் வேண்டும். வட்டில் இடமில்லை என்று இக்கோப்புறையை முதல் நாளே நீக்குவோர் திரும்பும் வழியைத் தாமே அடைத்துவிடுகின்றனர்.

தாமதத்தின் காரணங்கள்

இயங்குதளம் மாறிய முதல் சில நாட்கள் பொறி மெதுவாக இயங்குவது இயல்பே. கோப்புகளைத் தேடுவதற்கான அட்டவணையைப் புதிதாக எழுதுதல், நச்சுநிரல் சோதனை, விடுபட்ட புதுப்பிப்புகளை இறக்குதல் ஆகியவை திரைக்குப் பின்னால் நடைபெறுகின்றன. பொறியை மின் இணைப்பில் வைத்துச் சில மணி நேரம் அணைக்காமல் விட்டால் இவ்வேலைகள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதன் பின்னும் தாமதம் நீடித்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தி ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பகுதியைத் திறந்து பார்த்தல் வேண்டும். வட்டின் பயன் நெடுநேரம் 100 விழுக்காட்டிலேயே நின்றால், தடை வட்டில் உள்ளது என அறியலாம்.

இதனை ஒரு சிறு கணக்கால் மாணவர்க்கும் விளக்கலாம். ஹார்ட் டிஸ்க் எனப்படும் சுழலும் வட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுற்றுமாயின், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய பகுதி படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்; முனை இடம் பெயரும் நேரம் இதனோடு சேரும். ஆக ஓரிடத்தைப் படிக்கச் சுமார் 12 மில்லி விநாடி எனக் கொள்ளலாம். தொடங்கும் பொழுது வெவ்வேறு இடங்களில் கிடக்கும் 20,000 சிறு பகுதிகளைப் படிக்க நேர்ந்தால் 240 விநாடி, அதாவது 4 நிமிடம் கழிந்துவிடும். சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டில் ஓரிடத்தைப் படிக்கச் சுமார் 0.1 மில்லி விநாடி போதும். அதே வேலை 2 விநாடியில் முடியும். பழைய பொறிக்குப் புதிய வட்டு மாற்றுவது பெரும் பயன் தருவதன் காரணம் இதுவே. விண்டோஸ் 11-க்குக் குறைந்த அளவு 4 ஜி.பி. நினைவகம் வேண்டும், ஆயினும் அவ்வளவே உள்ள பொறியில் நினைவகத்தைக் கூட்டுவதும் நலம்.

செலவின்றிச் செய்யத்தக்கனவும் உண்டு. டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், பொறி தொடங்கும் போதே தாமாக எழும் மென்பொருள்களின் பட்டியல் காணப்படும். அன்றாடம் தேவைப்படாதவற்றை அங்கே நிறுத்தி வைக்கலாம். ஆனால் நச்சுநிரல் தடுப்பையும், தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் நிறுத்தலாகாது. பின்னதை நிறுத்தினால் மூன்றாவது முறையீடு ஒன்று தோன்றும். மாற்றத்தின் பயனைச் சோதிப்பவர் ‘ஷட் டவுன்’ செய்து மீண்டும் தொடங்காமல் ‘ரீஸ்டார்ட்’ என்பதையே பயன்படுத்த வேண்டும். விண்டோஸ் 8 முதல், ‘விரைவுத் தொடக்கம்’ செயலில் இருக்குமாயின், அணைக்கும் பொழுது இயங்குதளத்தின் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அவ்வாறே எழுப்பப்படுகிறது. ரீஸ்டார்ட் ஒன்றே முழுமையான புதுத் தொடக்கம்.

தொடங்கும் பொழுது நாளும் நேரமும் தவறாகத் தோன்றினால், பொறியின் உட்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும். நாள் பிழையாக இருந்தால் பாதுகாப்புச் சான்றுகள் ஏற்கப்படாமல் இணையத் தளங்களும் திறவா. இதற்கு இயங்குதளத்தைக் குறை கூறிப் பயனில்லை; மின்கலத்தை மாற்றுதலே வழி.

ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் ஏற்றப்பட்டிருந்தால் சொற்செயலி முதலியன திறக்கத் தாமதமாகும் என்பதும் உண்மையே. ஆயினும் வேகத்தை நாடிப் பழைய எழுத்துருக்களைக் களைபவர், அவற்றை நம்பியுள்ள கோப்புகளைப் படிக்கும் வழியையும் களைகிறார். முதலில் கோப்புகளை மாற்றி, பின்னரே எழுத்துருக்களை நீக்குதல் வேண்டும்.

எண்ணும் எழுத்தும்

கணிப்பொறி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை, எண்ணையே சேமிக்கிறது. அந்த எண்ணுக்குரிய வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் தொழில். ஆங்கில எழுத்துகளுக்கு எண்கள் முன்பே வகுக்கப்பட்டிருந்தன. இந்திய மொழிகளுக்குப் பொதுத் தரம் பரவுமுன், எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களையே எடுத்து அவற்றின் மேல் நம் நாட்டு எழுத்துகளின் வடிவத்தைப் பொருத்தினர். தமிழில் பாமினியும், இந்தியில் கிருதி தேவும் இவ்வகையின.

பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல் 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து எண்களாகச் சேமிக்கப்படும். இவை ஆங்கிலத்தில் சிறிய ஜே, கே, பி, ஓ என்னும் எழுத்துகளையும் அரைப்புள்ளியையும் குறிப்பவை. 1991-இல் வெளியான யூனிகோட் முறையோ தமிழுக்கெனவே 2944 முதல் 3071 வரை 128 இடங்களை ஒதுக்கியது. அதில் அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021 ஆகும். முன்னதில் எழுத்துரு மறைந்தால் தமிழும் மறைகிறது. பின்னதில் எழுத்துரு எதுவாயினும் தமிழ் தமிழாகவே நிற்கிறது. ஆகவேதான் மின் ஆளுமைக்கு யூனிகோடே தரம் என மத்திய அரசு 2009-இல் வகுத்தது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது.

நான்கு அறிகுறிகள்

எழுத்து படிக்க முடிகிறது, ஆனால் வடிவம் மாறி, வரிகளும் பக்கங்களும் இடம் பெயர்ந்துள்ளன என்றால் முன்னிருந்த எழுத்துரு இல்லை என்று பொருள். விண்டோஸ் 10 முதல் லதா எழுத்துரு ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்னும் விருப்பத் தொகுதியில் வைக்கப்பட்டுள்ளது. இந்திக்குரிய மங்கள் எழுத்துருவும் அவ்வாறே தேவநாகரித் தொகுதியில் உள்ளது. அவை இல்லாவிடத்து நிர்மலா யூ.ஐ. அவ்விடத்தை நிரப்பும். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்னும் பகுதியில் உரிய தொகுதியைச் சேர்த்தால் பழைய அமைப்பு மீளும்.

வெற்றுக் கட்டங்கள் தோன்றினால், பெரும்பாலும் எண் சரியாக இருந்து, அதற்குரிய வடிவம் எந்த எழுத்துருவிலும் கிடைக்கவில்லை என்று பொருள். யூனிகோட் தமிழ் எழுத்துரு ஒன்றை ஏற்றினால் போதும்.

ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தோன்றினால், அது பழைய முறைக் கோப்பு. யூனிகோட் எழுத்துருக்கள் எத்தனை ஏற்றினும் பயனில்லை. உரிய பழைய எழுத்துருவை ஏற்றிப் படித்து, பின்னர் மாற்றி மென்பொருளால் யூனிகோடாக்க வேண்டும்.

கொம்பும் காலும் பிரிந்து நின்று, இடையே புள்ளி வட்டம் தோன்றினால், உயிர்க்குறி தன் மெய்யோடு சேரவில்லை என்று பொருள். பழைய முறைகளில் கொம்பு மெய்க்கு முன் சேமிக்கப்படும். யூனிகோடில் பின்னரே சேமிக்கப்படும். மாற்றும் பொழுது இவ்வரிசை பிறழ்ந்திருக்கலாம். அல்லது பயன்படுத்தும் மென்பொருள் இந்திய எழுத்துகளைக் கோக்க அறியாததாக இருக்கலாம்.

மாற்றும் பொழுது கவனிக்க வேண்டியவை

மாற்றம் எப்பொழுதும் படியின் மேல்தான் நிகழ வேண்டும். கோப்பில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றி மென்பொருள் அவற்றையும் தமிழெனக் கருதிக் குலைத்துவிடக்கூடும்; அவற்றைத் தனியே பிரித்து வைத்தல் வேண்டும். சொற்செயலியின் தானியங்கித் திருத்தத்தை முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். வாக்கியத்தின் முதலெழுத்தை அது பெரிய எழுத்தாக மாற்றும். பாமினியில் சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. ஆதலின் ‘தமிழ்’ என்பது ‘துமிழ்’ ஆகிவிடும். ஊர்ப் பெயரில் இப்பிழை நேர்ந்தால் கண்ணுக்குப் புலப்படும்; ஒரு மாணவியின் பெயரில் நேர்ந்தால் அது சான்றிதழ் வரை சென்று, பல ஆண்டுகள் கழித்து அவளை அலைக்கழிக்கும்.

ஆகவே மாற்றிய பதிவேட்டை அச்சிட்ட பழைய படியோடு ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க, பெயர்தோறும் எண்தோறும் ஒப்பிடுதல் வேண்டும். அப்பணி முடிந்த நாளையும், பழைய எழுத்துருவின் பெயரையும், மூலக் கோப்பு வைக்கப்பட்ட இடத்தையும் அலுவலகக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று. சில ஆண்டுகளில் இப்பொறியும் பழையதாகும். மற்றோர் இயங்குதளம் வரும். அன்று பொறுப்பில் இருப்பவர் இன்றைய பதிவேட்டைத் தடையின்றிப் படிப்பாராயின், இன்று செலவிட்ட பொழுது வீண் போகவில்லை.