முடிவெடுக்கும் திறன்: சிவகாசி கற்றதும் கற்காததும்

ஒரு முடிவு இன்றைய தேவையை நிறைவேற்றுகிறதா என்று மட்டும் பாராமல், அது நாளை எந்த வழிகளைத் திறக்கும், எவற்றை அடைக்கும், அது தவறினால் இழப்பை யார் சுமப்பார் என்பவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் உத்திசார் சிந்தனை எனப்படுகிறது. இது பெருநிறுவன அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும் திருக்குறளின் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்கள், தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற தலைப்புகளில் ஆராய்ச்சி, வலிமை, காலம், இடம் ஆகிய நான்கையும் தனித்தனியே எடுத்துப் பேசுகின்றன. ஆள்வோரை முன்னிறுத்திச் சொல்லப்பட்ட அந்த நான்கும் சாதாரண மக்களின் பிழைப்பில் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை அறிய விருதுநகர் மாவட்டத்தின் நூறாண்டு வரலாறு பெரிதும் உதவும்.

சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த பூமி. விவசாயத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத ஊர். அங்கிருந்து 1922-இல் பி. அய்ய நாடாரும் அவருடைய உறவினர் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். இறக்குமதித் தீப்பெட்டிக்கு அரசு வரியை உயர்த்தியிருந்ததால் உள்நாட்டு உற்பத்திக்கு இடம் கிடைத்த நேரம் அது. காலமறிதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஊரின் குறை என்று கருதப்பட்ட வறண்ட காற்று, குச்சியும் மருந்தும் விரைவில் உலர உதவியதால், அந்தக் குறையே தொழிலுக்கு முதலாயிற்று.

எனினும் அவர்கள் எடுத்த முடிவுகளுள் மிகுந்த கவனத்துக்குரியது அடுத்து வந்தது. ஜெர்மனியிலிருந்து தருவித்த இயந்திரங்களைக் கொண்டு தொழிலைத் தொடங்கிய அவர்கள், அம்முறை தங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று கண்டதும், சில ஆண்டுகளுக்குள் கையால் செய்யும் முறைக்கு மாறிவிட்டனர். போட்ட பணம் வீணாகக் கூடாது என்பதற்காகவே பயன் தராத வழியில் மேலும் பணத்தைக் கொட்டுவது மனித இயல்பு. பொருளியலாளர் இனி மீட்க முடியாத இத்தகைய செலவை ‘மூழ்கிய செலவு’ என்பர்; அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் அவர்கள் கூறும் விதி. மூன்றாண்டு படித்துவிட்டோம் என்பதற்காகவே பிடிக்காத துறையில் முப்பதாண்டு உழல்பவரும், வாங்கிவிட்டோம் என்பதற்காகவே ஓடாத வண்டிக்கு மாதந்தோறும் செலவழிப்பவரும் மீறுவது இந்த விதியைத்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதைக் கடைப்பிடித்தனர் என்பது வியப்புக்குரியது.

அதன்பின் சிவகாசி வளர்ந்த முறையும் கற்றுக்கொள்ளத் தக்கதே. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் லித்தோ அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததால் நாட்காட்டியும் நாட்குறிப்பும் வந்தன. மருந்தைக் கையாளத் தெரிந்த கைகள் இருந்ததால் பட்டாசு வந்தது. வெடிபொருள் உற்பத்திக்கு உரிம முறையை வகுத்த 1940-ஆம் ஆண்டின் விதிகளும், இரண்டாம் உலகப் போரால் இறக்குமதி தடைப்பட்டதும் அத்தொழிலுக்கு வேகம் தந்தன. கைவசமுள்ள திறனுக்கு அடுத்த படியில் என்ன இருக்கிறது என்று தேடும் இம்முறை, வேலை மாற நினைப்போருக்கு இன்றும் பொருந்தும். முற்றிலும் அறியாத துறைக்குத் தாவுவதைவிட, கற்றதில் பாதியேனும் பயன்படும் பக்கத்துத் துறைக்கு நகர்வதில் இழப்பு குறைவு.

இச்சிந்தனை ஆலை முதலாளிகளிடம் மட்டும் இருந்ததாகக் கருதிவிடக் கூடாது. வணிகர்கள் தம் வரவில் ஒரு பங்கைப் பொது நிதிக்கு ஒதுக்கும் ‘மகமை’ விருதுநகரில் வேரூன்றிய வழக்கம். 1889-இல் அங்கே தோன்றிய சத்திரிய வித்தியாசாலைக்காக வீடுதோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைக்கும் ‘பிடி அரிசி’ முறையும் நடைமுறையில் இருந்தது. அன்றைய பசியில் ஒரு பிடியைக் குறைத்து, பத்தாண்டு கழித்து வரவேண்டிய படிப்பில் இட்ட பெண்கள் எடுத்த முடிவு, எந்த ஆலை முதலீட்டுக்கும் குறைந்ததன்று. அப்பள்ளியில் பயின்ற மாணவர்களுள் ஒருவர் காமராசர்.

ஆனால் அதே மாவட்டம் கற்கத் தவறியதையும் சொல்லியாக வேண்டும். பட்டாசின் விற்பனை பெரும்பாலும் தீபாவளி என்ற ஒரே பண்டிகையைச் சார்ந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் தடை விதித்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தபோது, பேரியத்தையும் சரவெடியையும் நம்பியிருந்த ஆலைகள் ஒரே நாளில் தடுமாறின. காற்று மாசு பற்றிய எச்சரிக்கைகள் பல ஆண்டுகளாகவே எழுந்துவந்தன. பிழைப்பு எதன்மேல் நிற்கிறது, அதைத் தாங்கி நிற்பது எது என்ற கேள்வியை ஆலைகள் முன்கூட்டியே எழுப்பியிருந்தால் அந்தத் தடுமாற்றம் குறைந்திருக்கும்.

இதைவிடக் கொடியது, இழப்பைச் சுமப்பவரை எண்ணாமல் முடிவெடுப்பது. எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறை உற்பத்தியைக் கூட்டும் என்பது முதல் விளைவு. கூலி கூட வேண்டும் என்ற அவசரத்தில் அளவுக்கு மிஞ்சி மருந்து கலப்பதும், விதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் ஓர் அறையில் அமர்வதும், மரத்தடியில்கூட வேலை நடப்பதும் அந்த விளைவிலிருந்து பிறக்கும் விளைவுகள். அந்நிலையில் ஓர் உராய்வே பல உயிர்களைக் கொண்டுபோகப் போதுமானது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்த வெடிவிபத்துக்குப் பின்னும் இத்தகைய சாவுகள் நிற்கவில்லை. விளைவின் விளைவை எண்ணாத நிர்வாகத்தைத் திறமையான நிர்வாகம் என்று சொல்வது பொருந்தாது.

தொழிலாளர் குடும்பத்துக்கும் இதே கணக்கு உண்டு. திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ ஆலையில் வாங்கும் முன்பணம் அன்றைய முடையைத் தீர்க்கிறது. அது கழியும்வரை வேறு வேலைக்குப் போகும் வழியை அடைத்தும் விடுகிறது. ஒன்றைத் தேர்ந்ததால் கைநழுவும் மற்றொன்றின் மதிப்பைப் பொருளியலில் ‘வாய்ப்புச் செலவு’ என்பர். அது எந்தச் சீட்டிலும் எழுதப்படாததால் பலர் கண்ணுக்குப் படுவதில்லை. வேறு வழியே இல்லாதபோது முன்பணம் வாங்குவோரைக் குறைசொல்வது நியாயமன்று. மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் போன்ற மாற்றுவழி இருக்கும்போது, இரண்டின் வட்டியோடு இரண்டும் விதிக்கும் கட்டுப்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே தேவை.

இத்திறன் பிறவியில் வருவதன்று. எழுதிப் பழகினால் வளர்வது. கணக்குப் புத்தகம் எழுதிப் பழகிய விருதுநகர் வணிகர்களுக்கு மிளகாயும் பருப்பும் என்ன விலைக்குப் போயின என்று குறித்துவைப்பது அன்றாட வேலை. அதைப்போல, முடிவெடுக்கும் நாளிலேயே அதற்கான காரணத்தையும் எதிர்பார்ப்பையும் இரண்டு வரி எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு, நல்ல பலன் நல்ல சிந்தனையால் வந்ததா, வெறும் அதிர்ஷ்டத்தால் வந்ததா என்பது தெரியவரும். பலனை மட்டும் பார்ப்பவர் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வார்.

சூலக்கரையிலுள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எந்தப் பிரிவில் சேர்வது என்று ஒவ்வோர் ஆண்டும் எண்ணிப் பார்க்கும் பிள்ளைகளுள் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பர். மாவட்டத்தில் பிரதமரின் மித்ரா திட்டத்தின் கீழ் ஜவுளிப் பூங்கா அமையவுள்ள இந்நேரத்தில், எந்தப் பிரிவில் உடனே வேலை கிடைக்கும் என்ற கேள்வியோடு, அந்த வேலை இல்லாமல் போனால் கற்றது வேறு எங்கே உதவும் என்ற கேள்வியையும் விண்ணப்பத்தை நிரப்பும் முன்பே அவர்களோடு அமர்ந்து பேசுவதற்குப் பெற்றோரும் ஆசிரியரும் ஒரு மாலைப் பொழுதையேனும் ஒதுக்க வேண்டும்.