அந்தப் பத்து நிமிஷம்!

திண்டிவனத்தில் பைக்கைக் கிளப்புறீங்க, விழுப்புரம் போகணும். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நாலு வழிச் சாலையைப் பார்த்ததும் கை தானா ஆக்ஸிலேட்டரை முறுக்கும். இருங்க பாஸ், ஒரு சின்னக் கணக்கு! 60-ல் போனா 40 நிமிஷம், 80-ல் போனா 30. மிச்சம் பத்தே நிமிஷம்.

80-ல் ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுறீங்க. பிரேக் பிடிக்கணும்னு மூளைக்கு உறைச்சு, கை அசையவே ஒரு செகண்ட் ஆகிடும். மீடியன் கேப் வரை போகச் சோம்பல்பட்டு, ராங் சைடில் ஒருத்தர் 40-ல் எதிரே வர்றார்னா, 100 மீட்டர் இடைவெளி மூணே செகண்டில் காலி.

கூட்டேரிப்பட்டு தாண்டி எனக்கு அப்படித்தான் ஒருத்தர் வந்தார், பால் கேனோட. நான் 60-ல் போனதால் தப்பிச்சோம். புத்தியால் இல்லீங்க, பின்னாடி அம்மா இருந்தாங்க! ஹெல்மெட் என் தலையில் மட்டும்தான்.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1-லிருந்து பின்னாடி உட்கார்றவருக்கும் கட்டாயம்னு எனக்கும் தெரியும். நம்ம பசங்களோ பெட்ரோல் டேங்குக்கு மாட்டிவிட்டு, போலீஸைப் பார்த்ததும் தலைக்கு மாத்துறாங்க. ஸ்ட்ராப்பும் போடுறதில்லை; விழுந்தா முதலில் பறக்கிறது ஹெல்மெட்தான்.

அப்புறம், லாரியை ஓவர்டேக் பண்றப்போ அதோட சைடு மிரரைப் பாருங்க. டிரைவர் முகம் தெரியலையா? அவருக்கும் நீங்க தெரியலை.