தோட்டத்து மலரும் காமிராவும் – 4: கூர்மை விழும் இடம்

சென்ற வாரம் ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவை விளக்கினேன். பூவின் ஒரு மில்லிமீட்டர் சென்சாரின் மீதும் ஒரு மில்லிமீட்டராகவே விழுகின்ற நிலை அது. முழு அளவுச் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையதாகையால், அந்த நிலையில் நம் பார்வைக்கு அகப்படும் பிரதேசமும் அவ்வளவே. வீட்டு வாசல்தோறும் பூக்கும் ஒற்றையடுக்குச் செம்பருத்தி முழுவதும் அதற்குள் அடங்காது. நடுவிலிருந்து இதழ்களைத் தாண்டி நீண்டு நிற்கும் தண்டின் நுனி மாத்திரமே அடங்கும். இன்றைக்கு அந்த நுனியையே பாடமாகக் கொள்வோம். புதிதாகப் பயில்பவருக்கு அதைக் காட்டிலும் சிறந்த ஆசான் இல்லையென்பது என் திடமான அபிப்பிராயம்.

காமிராவை எடுப்பதற்கு முன்னால் பூவை வெறும் கண்ணால் சற்று நேரம் பாருங்கள். மகரந்தத் தாள்களின் அடிப்பாகமெல்லாம் ஒன்றாகக் கூடி ஒரு குழலாகி, அந்தக் குழலுக்குள்ளேயே சூல்தண்டு ஓடி, உச்சியில் வெளிப்பட்டு ஐந்து கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையின் முனையிலும் மென்மயிர் போர்த்த ஒரு சிவந்த உருண்டையைத் தாங்கி நிற்கிறது. அதற்குக் கீழே குழலின் பக்கங்களிலிருந்து குட்டையான காம்புகளில் மகரந்தப் பைகள் நெருக்கமாகப் புறப்படுகின்றன. பை வெடித்தபின் மஞ்சள் நிறத் துகள்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம். இத்தனை சௌந்தரியமும் ஒரு விரல் நுனியளவு இடத்தில் இருக்கிறது.

இங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. ஒன்றுக்கு ஒன்று அளவில் அப்பர்ச்சரை 8-இல் வைத்தால், படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் கரைந்துபோகும். 16-க்குக் குறுக்கினால் இரண்டு மில்லிமீட்டர் கிடைக்குமென்றாலும், இவ்வளவு அருகில் வரும்போது சென்சாரைச் சேரும் வெளிச்சம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்து, 16 என்று எழுதியிருப்பது 32-ஐப் போல நடந்துகொள்வதோடு, சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மங்கலும் கண்டுவிடும். ஆகையால் 11-ஐத் தாண்டாதிருப்பது உத்தமம். தெளிவை இதற்கு மேல் சம்பாதிக்க முடியாதென்னும்போது, உள்ளதை எங்கே செலவிடுவது என்று தீர்மானிப்பதே இக்கலையின் ஜீவநாடி.

பெரும்பாலோர் பூவுக்குச் சாய்வாக நின்று எடுக்கிறார்கள். கண்ணுக்கு அந்தக் கோணம் அழகாக இருப்பது வாஸ்தவமே. ஆனால் சாய்வில் ஐந்து உருண்டைகளும் ஐந்து வெவ்வேறு தூரங்களில் இருப்பதால், ஒன்று தெளிந்து மற்றவை மறையும். அதற்குப் பதிலாகத் தண்டின் பக்கவாட்டில் வந்து, தண்டின் நீளமும் காமிராவின் முதுகுப்புறமும் இணையாக இருக்கும்படி நின்றால், நமக்கு நேராக உள்ள மகரந்தப் பைகளின் வரிசை முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் வந்து சேரும். உருண்டைகளில் இரண்டோ மூன்றோ கூட அகப்படலாம். பூவின் எந்தப் பாகங்கள் ஒரே தளத்தில் இருக்கின்றன என்று அறிந்தவருக்கே இது சாத்தியம். ஆகவேதான் முதலில் கண்ணால் பார்க்கச் சொன்னேன்.

இந்த உண்மையைத் தம் வாழ்க்கை முழுவதும் அனுஷ்டித்தவர் ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட். பெர்லினில் கலைத்தொழில் மாணவர்களுக்குப் போதித்த அவர், செடிகளின் வடிவ அமைப்பை அவர்களுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டும் பொருட்டே, கையால் செய்த காமிராவைக் கொண்டு மொட்டுகளையும் சுருண்ட தளிர்களையும் எடுத்து, சில பகுதிகளை முப்பது மடங்கு வரை பெருக்கிக் காட்டினார். அந்தப் படங்கள் 1928-இல் நூலாக வெளிவந்து பிரசித்தி பெற்றபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. வெறும் பின்னணியும் நேர்ப்பார்வையும் தவிர அவற்றில் வேறு அலங்காரமே இல்லை. விலையுயர்ந்த லென்ஸுக்காகக் காத்திருப்பவர்கள் அவற்றை ஒருமுறை பார்க்க வேண்டும். இருக்கிற லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே ஒரு எக்ஸ்டென்ஷன் டியூபைப் பொருத்தினாலே ஆரம்பத்துக்குப் போதுமென்று நான் நம்புகிறேன்.

இனிச் செய்முறை. ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டு, லென்ஸின் வளையத்தை வேண்டிய அளவில் நிலைநிறுத்தி, அதன்பின் அதைத் தொடாமல், காமிராவையே இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவைத் தேடுங்கள். வளையத்தைத் திருப்பினால் படத்தின் அளவே மாறிக்கொண்டிருக்கும். பூ ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் சென்சாரின் மீதும் பிம்பம் ஒரு மில்லிமீட்டர் அசையுமாதலால், காற்று எழுவதற்கு முன் காலையில் செய்வதே நலம். கிளையை ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டிவிடலாம். செம்பருத்தி பெரும்பாலும் ஒரு பகல் மாத்திரமே விரிந்திருப்பது என்பதும் காலை நேரத்தையே வற்புறுத்துகிறது. பல படங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கி முழுத் தெளிவை உண்டாக்கும் ஒரு வழி இருக்கிறது. அது குற்றமில்லை, ஆயினும் எதைத் தெளிவாக்குவது, எதை மங்க விடுவது என்னும் விவேகம் கைவரும் வரையில் அதை நாடாதிருப்பதே நல்லதென்பேன்.

அடுத்த வாரம் தும்பைக்குப் போவோம். அங்கே தெளிவைவிட வெண்மையே பெரிய பிரச்சினை. வெள்ளைப் பூ சட்டம் முழுவதையும் நிரப்பினால் காமிராவின் ஒளிமானி அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும்.

(தொடரும்)