சீருடைக்கு முன் – 7: நேர்காணலுக்கு ஒத்திகை உதவுமா?

தேசிய பாதுகாப்பு அகாடமியின் எழுத்துத் தேர்வைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு 900 மதிப்பெண். அதில் தேறியவர்களைப் படைத் தேர்வு வாரியம் ஐந்து நாள் தங்கவைத்து எடைபோடுகிறது. அதற்கும் அதே 900. ஜெயித்தால் கடக்வாஸ்லாவில் மூன்றாண்டு படிப்பு, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம், மேற்கொண்டு பயிற்சி, அதிகாரிப் பதவி. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசின் செலவு. பிளஸ் டூ பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவித்தொகை நம் நாட்டில் அரிது. ஆகவே நேர்காணலில் எப்படி உட்காருவது, எப்படிச் சிரிப்பது, ‘ஏன் ராணுவம்?’ என்றால் என்ன சொல்வது என்று சொல்லித்தரும் பயிற்சி மையங்கள் பெருகியிருப்பதில் வியப்பில்லை. ஆனால், நேர்காணல் எதற்காக நடக்கிறது என்பதையே இவற்றில் பல பிடித்துக்கொள்ளவில்லை.

ஒருவரை எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தே அதிகாரியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது ஏற்கெனவே தோற்றுப்போன முறை. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் அப்படித்தான் ஆள் எடுத்தது. எந்தப் பள்ளி, அப்பாவுக்கு என்ன உத்தியோகம், என்ன விளையாட்டு என்று கொஞ்ச நேரம் பேசினால் போதும். அப்படி வந்தவர்களில் பலர் பயிற்சியில் தேறாமல் திரும்பினார்கள். அதன் பிறகே 1942-ல் மனநல மருத்துவர்களின் துணையோடு புதிய தேர்வு வாரியங்கள் பிறந்தன. தலைவர் என்று எவரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்துவிட்டுக் கவனிக்கும் உத்தி, வில்ஃப்ரெட் பியான் என்ற மருத்துவருடையது. அடுத்த ஆண்டே இந்த முறை டேராடூனுக்கு வந்தது. இன்றும் உளவியலாளர், குழுத் தேர்வு அதிகாரி, நேர்காணல் அதிகாரி என மூவர் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். கடைசி நாள் கூட்டம்வரை ஒருவர் கணிப்பு மற்றவருக்குத் தெரியாது. மனம், வாக்கு, காயம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்பதே சோதனை. நேர்காணல் அதில் ஒரு பங்குதான்.

அந்த ஒரு பங்கும் எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? விண்ணப்பதாரர் தன் கையால் நிரப்பிய தன்விவரப் படிவத்திலிருந்து. பெற்றோரின் படிப்பு, வருமானம், மதிப்பெண்கள், விளையாட்டு, பொழுதுபோக்கு, வகித்த பொறுப்புகள் எல்லாம் அதில் உண்டு. அதிகாரி ஒரே மூச்சில் ஏழெட்டுக் கேள்விகளை அடுக்குவார்: பத்தாம் வகுப்பில் எவ்வளவு, பிளஸ் டூவில் ஏன் குறைந்தது, பிடித்த ஆசிரியர் யார், பிடிக்காதவர் யார், அவரிடம் எப்படி நடந்துகொண்டாய், நண்பர்கள் உன்னிடம் குறைசொல்வது எது? பொழுதுபோக்கு வாசிப்பு என்று எழுதியிருந்தால் கடைசியாகப் படித்த புத்தகம் எது, அதில் எதை ஏற்கவில்லை என்று போகும். மனப்பாடம் இரண்டாவது கேள்வியிலேயே தீர்ந்துவிடும். தீராமல் தப்பித்தாலும் ஆபத்துதான். ‘நான்தான் அணித்தலைவன்’ என்று அறையில் சொன்னவர், கயிறும் பலகையும் கொடுத்த குழுப் பணியில் ஓரமாக நின்றிருந்தால், அந்த முரண் கூட்டத்தில் வெளிப்படும்.

அப்படியானால் ஒருவர் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு நான்காம் முறை தேர்வாவது எப்படி, இது வெறும் அதிர்ஷ்டம்தானே என்பார்கள். பதினேழு வயதிலிருந்து பத்தொன்பதுக்குள் ஒரு பிள்ளை எவ்வளவோ மாறுகிறது. மாறியவரை மாறியவராகவே எடைபோடுவது முறையின் குறையல்ல. குறை வேறிடத்தில். திருப்பி அனுப்பப்படுபவரிடம் அவருக்கான காரணத்தை வாரியம் சொல்வதில்லை. அந்த மௌனத்தில்தான் பயிற்சி மையங்கள் கடை விரிக்கின்றன.

ஆங்கிலம் பற்றிய புகார் இதைவிடக் கனமானது. தட்டுத்தடுமாறிப் பேசினாலும் கருத்து விளங்கினால் போதும் என்பது வாரியத் தரப்பின் பதில். நேர்காணல் அறையில் அது நடக்கக்கூடும். ஒரு அதிகாரி காத்திருந்து கேட்பார். குழு விவாதத்தில் சக போட்டியாளர்கள் காத்திருக்க மாட்டார்கள். எழுத்துத் தேர்வின் வினாத்தாளும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. தமிழ்வழியில் படித்த அரசுப் பள்ளிப் பிள்ளை இரண்டு இடத்திலும் பின்னால் நின்றுதான் ஓட்டத்தைத் தொடங்குகிறது. இதற்கு ஒழுங்கான பதில் எதுவும் என் கண்ணில் படவில்லை.

பிள்ளையைப் பயிற்சி மையத்துக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தத் தன்விவரப் படிவத்தை வாங்கி வீட்டிலேயே நிரப்பச் சொல்லிப் பாருங்கள். காலியாக நிற்கும் கட்டங்களை நிரப்ப ஓராண்டாவது வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

(தொடரும்)