குண்டை விழுங்கிய கோட்டை

ஏன், எப்படி என்று என்னைத் துளைத்தெடுக்கும் செல்லங்களே! இந்தத் தடவை கேள்வி என்னுடையது. கோட்டை கட்ட எந்தக் கல் நல்லது?

"கெட்டியான கல்!" என்று கத்துகிறீர்கள். யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சுரண்டினாலே உதிரும் கல்லில் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. எதிரிகள் வாரக்கணக்கில் பீரங்கியால் சுட்டார்கள். அது விழவே இல்லை!

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் தெரியுமா? அட்லாஸில் தென்கிழக்கு மூலையைப் பாருங்கள். அங்கே கடலோரத்தில் செயின்ட் அகஸ்டின் என்று ஒரு ஊர். 1565இல் பெத்ரோ மெனெந்தெஸ் என்ற ஸ்பானியத் தளபதி அமைத்தது. அது காலி இடம் என்று நினைத்துவிடாதீர்கள். திமுக்குவா என்ற பூர்வகுடி மக்கள் அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்தார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஐரோப்பியர் குடியேறி, இன்றுவரை விட்டுப்போகாமல் ஆட்கள் வாழும் ஊர்களில் இதுதான் பழையது.

ஸ்பானியருக்கு அந்த இடம் எதற்கு? கடலுக்குள் ஓடும் ஒரு நீரோட்டம்தான் காரணம். வளைகுடா நீரோட்டம் என்று பெயர். அது ஃபுளோரிடா கரையை ஒட்டி வடக்கே போகும். வெள்ளியும் தங்கமும் ஏற்றிய ஸ்பானியக் கப்பல்கள் அதில் சேர்ந்துகொண்டால் ஊர் திரும்புவது சுலபம். அந்த வழியில் கொள்ளைக்காரர்கள் காத்திருப்பார்கள் அல்லவா? காவலுக்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது.

முதலில் மரத்தால்தான் கோட்டை கட்டினார்கள். கடற்காற்றில் மரம் உளுத்தது. நெருப்பு வைத்தால் எரிந்தது. 1586இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் டிரேக் வந்து ஊரையே கொளுத்திவிட்டுப் போனார். 1668இல் கடற்கொள்ளையர் புகுந்து சூறையாடினார்கள். இனி மரம் உதவாது, கல்தான் வேண்டும் என்று 1672இல் வேலையைத் தொடங்கினார்கள். முடிய 23 வருடம் ஆயிற்று. காஸ்டில்லோ தே சான் மார்கோஸ் என்பது அதன் பெயர். பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்!

ஆனால் சுற்றிலும் மணலாக இருக்கும் இடத்தில் கல்லுக்கு எங்கே போவது? எதிர்க்கரையில் அனஸ்தாசியா தீவில் கிடைத்தது கோக்கினா.

இந்தக் கல் உருவான கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கடற்கரை மணலில் கட்டைவிரல் நகம் அளவே உள்ள சின்ன மட்டிகள் வாழும். அவை செத்ததும் ஓடுகள் குவியும். நெடுங்காலத்துக்கு முன் கடல் பின்வாங்கியபோது, அந்தக் குவியல் தரைக்கு வந்தது. அதன்மேல் மழை பெய்தது. மழைநீரில் லேசான அமிலத்தன்மை உண்டு. அது ஓட்டில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டைச் சிறிது கரைத்து உள்ளே இறங்கியது. ஓடும் ஓடும் தொடும் இடங்களில் அந்தச் சுண்ணாம்புச் சத்து மறுபடி படிந்து இறுகியது. இப்படியே ஆயிரமாயிரம் வருடம். புரிகிறதா? ஓட்டைக் கரைத்த நீரே பசையும் கொடுத்தது.

கார்த்திகைக்குப் பிடிக்கும் பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பொரிதான் ஓடு, வெல்லப்பாகுதான் அந்தப் பசை. நடுவெல்லாம் காற்று.

தரையிலிருந்து வெட்டும்போது கோக்கினா ஈரமாக, மெத்தென்று இருக்கும். கோடாரியாலேயே வெட்டலாம். காய்ந்தால் கொஞ்சம் கெட்டிப்படும். பூர்வகுடி மக்களும் அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கரும் அதை வெட்டிச் சுமந்தார்கள். கல்லோடு கல்லை ஒட்டியது சிப்பி சுட்ட சுண்ணாம்பு. ஆக, சுவரில் கல்லும் கடல் தந்தது, காரையும் கடல் தந்தது.

1702இல் கரோலினாவிலிருந்து ஆங்கிலேயப் படை வந்தது. ஊர்மக்கள் சுமார் 1,500 பேர் கோட்டைக்குள் ஓடினார்கள். மாடுகளை அகழிக்குள் ஓட்டிவிட்டார்கள். (நல்லவேளை, அந்த அகழியில் தண்ணீர் நிரப்பும் வழக்கமில்லை!) சுமார் ஐம்பது நாள் முற்றுகை நடந்தது. ஆங்கிலேயர் ஊரை எரித்தார்கள். கோட்டையை ஒன்றும் செய்ய முடியவில்லை. 1740இல் ஜார்ஜியாவிலிருந்து ஓகிள்தோர்ப் என்ற ஆங்கிலேயத் தளபதி பெரிய பீரங்கிகளோடு வந்து 27 நாள் சுட்டார். அவரும் வெறுங்கையோடு திரும்பினார்.

எப்படி? கருங்கல் போன்ற கெட்டிக் கல்லில் குண்டு மோதினால், அந்த வேகத்தில் விரிசல் ஓடும். அடுத்தடுத்த அடியில் கல் பிளந்து சில்லு சில்லாகத் தெறிக்கும். கோக்கினாவில் விரிசல் தொலைதூரம் ஓட முடியாது. ஓர் ஓட்டைத் தாண்டியதும் ஒரு காற்றுப் பொந்து வந்துவிடும். விரிசல் அங்கேயே நின்றுவிடும். குண்டின் வேகமெல்லாம் எதிரே உள்ள ஓடுகளை நொறுக்கி நெருக்குவதிலேயே செலவாகிவிடும். கடைசியில் குண்டு குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும். பொரி உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் பட்ட இடம் மட்டும்தான் உள்ளே போகும், இல்லையா? அதேதான்! சுவரின் பருமனும் சேர்ந்துகொண்டது. அடிப்பக்கம் 4 மீட்டருக்கும் மேல்.

ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்ன எஃகு உருண்டைகளைக் கோக்கினாமேல் பாய்ச்சி, அதிவேகக் கேமராவில் படம்பிடித்துப் பார்த்தார்கள். நொறுங்கியது மோதிய இடம்தான். நீங்கள் பொரி உருண்டையில் செய்த அதே சோதனை! தின்றுவிடாமல் செய்தீர்கள்தானே?

சண்டையால் பிடிபடாத கோட்டை, பிறகு உடன்படிக்கைகளால் கை மாறியது. 1763இல் பிரிட்டன், அடுத்த இருபது ஆண்டில் மறுபடி ஸ்பெயின், 1821இல் அமெரிக்கா.

1702இல் ஆங்கிலேயர் வைத்த தீக்குப் பிறகு ஊருக்குள்ளும் கோக்கினா வீடுகள் எழுந்தன. குறுகலான தெருக்கள், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரப் பால்கனிகள். ஃபுளோரிடா வெயிலில் நடப்பவருக்கு அந்த நிழல் எவ்வளவு சுகம்!

குண்டுக்கு அசையாத கோக்கினாவுக்கு இப்போது எதிரி யார் தெரியுமா? மழை! அன்று பசை தந்த அதே வேலையை அது இன்றும் செய்கிறது. கரைக்கிறது. ஸ்பானியர் சுவருக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தார்கள். அது பெரும்பாலும் உதிர்ந்துபோயிற்று. மழையோடு நம் கைகளும் கால்களும் சேர்ந்துகொள்கின்றன. தேய்க்கத் தேய்க்க ஓடுகள் ஒவ்வொன்றாக உதிரும். அதனால்தான் சுவர்மேல் ஏறவோ உட்காரவோ கூடாது என்று அங்கே வருபவர்களிடம் சொல்கிறார்கள்.