கிராபிக்ஸ் கார்டை முறுக்கி விடுறீங்களா? சூட்டை கவனிக்காவிட்டால் லட்ச ரூபாய் புகையாகிடும்!

சென்னை,

கம்ப்யூட்டரில் கேம்ஸ் ஆடும் பசங்க, கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்கள், அனிமேஷன் படிக்கும் மாணவர்கள்... இவர்கள் எல்லோரும் கண்ணும் கருத்துமாக பார்த்துக்கொள்ளும் பொருள் கிராபிக்ஸ் கார்டு. பெரிய கார்டு ஒன்றின் விலை ஒரு பைக் விலையை தாண்டும். 2022-ம் ஆண்டு அக்டோபரில் என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு வந்தபோது இந்தியாவில் அதன் ஆரம்ப விலை ரூ.1 லட்சத்து 55 ஆயிரம்!

இவ்வளவு காசு போட்டவர்கள் "இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்குமா?" என்று பார்ப்பது சகஜம்தான். இதற்கு பெயர் ‘ஓவர் கிளாக்கிங்’. முறையாக செய்தால் லாபம். அரைகுறையாக செய்தால் கார்டு போகும். பிளக்கும் ஒயரும் சேர்ந்து கருகும் ஆபத்தும் உண்டு.

அப்படி என்னதான் செய்கிறார்கள்?

கார்டுக்குள் இருக்கும் சிப், ஒரு நொடிக்கு இத்தனை முறை என்று துடித்துக்கொண்டே இருக்கும். 4090 கார்டில் கம்பெனி சொல்லும் வேகம் 2,520 மெகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 252 கோடி துடிப்பு. இதை சாப்ட்வேர் மூலம் இன்னும் ஏற்றி விடுவதுதான் ஓவர் கிளாக்.

இப்போது வரும் கார்டுகள் சூடு குறைவாக இருந்தால் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். அதனால் நாம் கையால் ஏற்றி கிடைக்கும் லாபம் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு உள்ளேதான். இரண்டு மடங்கு வேகம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

ஆனால் சூடு மட்டும் அப்படி ஏறாது. வோல்டேஜை 10 சதவீதமும் வேகத்தை 10 சதவீதமும் ஏற்றினால், சிப் குடிக்கும் கரண்ட் சுமார் 33 சதவீதம் ஏறிவிடும். கூடும் கரண்ட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். 4090 கார்டு சாதாரணமாகவே 450 வாட்ஸ் வரை இழுக்கும். துணி தேய்க்கும் 1,000 வாட்ஸ் இஸ்திரி பெட்டியில் கிட்டத்தட்ட பாதி! 2025 ஜனவரியில் வந்த 5090 கார்டுக்கு இது 575 வாட்ஸ்.

சென்னை வெயிலுக்கு தாங்குமா?

ஃபேன் வைத்த எந்த கார்டும் அறையின் சூட்டுக்கு கீழே போகாது. 25 டிகிரி ஏ.சி. அறையில் 70 டிகிரி காட்டும் கார்டு, 35 டிகிரி அறையில் ஏறக்குறைய 80 டிகிரி காட்டும். வெளிநாட்டுக்காரர் வீடியோவில் காட்டிய அளவை அப்படியே நம்ம ஊர் கத்திரி வெயிலில் போட்டால் சிக்கல்தான்.

வாட்டர் கூலிங் போட்டாலும் சூடு மாயமாகி விடாது. கார்டில் இருந்து எடுத்து அறைக்குள் தள்ளும், அவ்வளவுதான். ஐஸ் வைப்பது, ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைப்பது எல்லாம் வேண்டாத வேலை. ஈரம் படிந்தால் கார்டு காலி.

முதலில் தூசி தட்டுங்க!

பலருக்கு ஓவர் கிளாக் தேவையே இல்லை. தூசியை எடுத்தாலே கார்டு இழந்த வேகம் திரும்பி வந்துவிடும். சூடு எல்லை தாண்டினால் கார்டு தன்னை காப்பாற்றிக்கொள்ள வேகத்தை குறைக்கும். காற்று சரியாக போனால் குறைக்காது.

* கம்ப்யூட்டரை ஆஃப் செய்து பிளக்கை பிடுங்கிய பிறகு பவர் பட்டனை 10 நொடி அழுத்தி பிடியுங்கள்.

* புளோயர் அடிக்கும்போது கார்டு ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபேன் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும்.

* கேபினட்டை சுவரோடு ஒட்டியோ, மேஜையின் மூடிய அறைக்குள்ளோ வைக்காதீங்க. முன்பக்கம் காற்று உள்ளே வரணும், பின்பக்கம் வெளியே போகணும்.

* கார்டு பழசாகி சூடு குறையவில்லை என்றால் பேஸ்ட் மாற்றலாம். கழற்றும் முன் வாரண்டி என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெமரி சிப் மேல் இருக்கும் மெத்தை மாதிரியான பேடு, பழைய அதே கனத்தில் இருக்க வேண்டும். கனம் கூடினால் ஹீட் சிங்க் மெயின் சிப்பில் சரியாக உட்காராது. பேஸ்ட் போட்டும் பிரயோஜனம் இல்லை.

உருகிய பிளக்!

4090 வந்த கொஞ்ச நாளிலேயே அதன் 16 பின் பவர் பிளக் உருகியதாக புகார்கள் கிளம்பின. உலகம் முழுக்க சுமார் 50 சம்பவங்கள் என்று 2022 நவம்பரில் என்விடியா சொன்னது. பிளக்கை முழுசாக உள்ளே அழுத்தாததுதான் பொதுவாக தெரிந்த காரணம் என்றும் விளக்கம் தந்தது. பிறகு பிளக்கின் அமைப்பே மாற்றப்பட்டது.

கணக்கு போட்டு பார்த்தால் காரணம் புரியும். இந்த பிளக் அதிகபட்சம் 600 வாட்ஸ் கடத்தும். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். 6 பின்கள் பங்கு போட்டால் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். வீட்டில் டி.வி. மாட்டும் பெரிய பிளக்கே 6 ஆம்பியர்தான்! இதில் ஒரு பின் சரியாக உட்காராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

எனவே பிளக்கை இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்தி மாட்டுங்கள். பிளக்கை விட்டு 3, 4 செ.மீ. தள்ளிதான் ஒயரை வளைக்கணும். எஸ்.எம்.பி.எஸ்.சில் கஞ்சத்தனம் கூடாது. 4090-க்கு 850 வாட்ஸ், 5090-க்கு 1,000 வாட்ஸ் என்பது கம்பெனி சொல்லும் அளவு. எர்த் இல்லாத பிளக், நாலைந்து சாமான் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டும் ஆகாது. 600 வி.ஏ. யு.பி.எஸ். இந்த கார்டை தாங்கவே தாங்காது.

படிப்படியாக ஏற்றணும்

இதற்கு பலரும் பயன்படுத்துவது எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் என்ற இலவச சாப்ட்வேர். இதன் பெயரில் போலி இணையதளம் வைரஸ் பரப்புவதாக 2021-ல் எம்.எஸ்.ஐ. நிறுவனமே எச்சரித்தது. எனவே கம்பெனி தளத்தில் இருந்து மட்டும் எடுங்க.

* முதலில் எதையும் மாற்றாமல் அரை மணி நேரம் கேம் ஓடவிட்டு சூடு, வேகம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* மெயின் சிப் வேகத்தை 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் ஏற்றி, 20 நிமிடம் சோதியுங்கள். அப்புறம் அடுத்த படி.

* திரையில் கலர் புள்ளி, கோடு வந்தாலோ, கேம் தானாக மூடினாலோ எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து 30 முதல் 50 வரை இறக்கி நிறுத்துங்கள்.

* மெமரியை தனியாக, 100 மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். 3090, 4090 கார்டுகளின் மெமரி தப்பு வந்தால் திரும்ப அனுப்பி சரிசெய்து கொள்ளும். கம்ப்யூட்டர் நிற்காது, ஆனால் வேகம் குறையும். "ஹேங் ஆகலையே" என்று ஏற்றிக்கொண்டே போனால் நஷ்டம்தான்.

* வோல்டேஜ் பக்கம் கையே வைக்காதீங்க. கார்டின் பயாஸ் மாற்றுவதும் வேண்டாம்.

* கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாக ஏறும் வசதியை, சில நாள் பிரச்சினை இல்லாமல் ஓடிய பிறகே போடுங்கள்.

எத்தனை டிகிரி வரை ஓகே?

4090 கார்டின் சிப்புக்கு கம்பெனி வைத்த உச்சம் 90 டிகிரி. நம்ம ஊரில் 80-க்கு கீழே வைத்தால் நிம்மதி. மெமரி சூட்டையும் பாருங்க. 2020-ல் வந்த 3090 கார்டில் அது 110 டிகிரியை தொட்டால் கார்டு வேகத்தை வெட்டிவிடும். 95-க்குள் இருப்பது நல்லது.

சூட்டை குறைக்க இன்னொரு நல்ல வழியும் உண்டு. அதே சாப்ட்வேரில் பவர் லிமிட்டை 75 சதவீதமாக இறக்கிப்பாருங்க. வேகம் சில சதவீதம்தான் குறையும். 450 வாட்ஸ் இழுத்த கார்டு 340 வாட்ஸுக்குள் அடங்கும். தினமும் 8 மணி நேரம் எடிட்டிங் ஓடும் கடையில், முழு சுமையில் மாதம் 25 யூனிட்டுக்கு மேல் மிச்சம். கரண்ட் பில் குறையும், கார்டும் பல வருஷம் உழைக்கும்.

பழைய கார்டு வாங்குறீங்களா?

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலோ, வேறு எங்கோ செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குபவர்கள் கூடுதல் உஷாராக இருக்கணும். எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை உருவாக்க கிராபிக்ஸ் கார்டுகளை ராத்திரி பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ந்தேதி அந்த முறை நின்றதும், உழைத்து களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன.

வாங்கும் முன் கண் எதிரே அரை மணி நேரம் ஓட்டிக்காட்ட சொல்லுங்கள். பிளக் இடத்தில் மஞ்சளோ கருப்போ தெரிகிறதா, ஸ்க்ரூவில் கீறல் இருக்கிறதா, ஃபேனில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட கார்டில் ஓவர் கிளாக் ஆசையே வேண்டாம்.

எந்த கார்டாக இருந்தாலும் பிளாஸ்டிக் கருகிய வாசனை வந்தால் "இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்" என்று உட்காராதீங்க. உடனே சுவர் சுவிட்சை ஆஃப் செய்யணும். தண்ணீர் ஊற்றவே கூடாது. சூடு முழுசாக ஆறிய பிறகு பிளக்கை கழற்றி பாருங்கள். ஒரு பின் கருத்திருந்தாலும் அந்த ஒயரை மறுபடி மாட்டக்கூடாது.